ஏழாவது கேள்வி

நூற்றெண்பது பேர் கை தட்டினார்கள். தட்டச் சொன்னவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

பாச்சாங்கில் எங்கள் சபை மண்டபம். ஏப்ரல் மாதத்து ஞாயிறு, ஆராதனை முடிந்து பிரியாணிப் பொட்டலம் வருவதற்கு முந்திய நேரம். ஒன்றரை வருடம் நடந்த தலைமைத்துவப் பயிற்சியின் நிறைவு விழா. மேடையில் நான், எனக்குப் பின்னால் வெள்ளைத் திரை, திரையில் நான் போட்ட நீல நிறக் கட்டங்கள். பயிற்சி முடித்த இருபத்திரண்டு சபைத் தலைவர்களிடம் எவ்வளவு மாற்றம் வந்திருக்கிறது என்று அளந்து சொல்வது என் பொறுப்பு. ஏழாவது கேள்விக்கு வந்தேன்.

"வீட்டில் மனைவி மேல் கை வைத்து ஜெபிப்பதில் முதலிடம், செலண்டார் சபைத் தலைவர் சகோதரர் பாக்கியசாமி! வாரம் ஐந்து முறை என்று அவர் மனைவியே எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்குச் சராசரி ஒன்றுகூட வரவில்லை. எல்லாரும் ஒரு முறை நன்றாகக் கை தட்டுவோமா?"

தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ விசில்கூட அடித்தார்கள். பாக்கியசாமி எழுந்து, தலையைக் குனிந்து, வலது கையை உயர்த்தினான். மூன்றாவது வரிசையில் அவன் மனைவி அருளம்மாள் உட்கார்ந்திருந்தாள். புழுங்கித் தள்ளுகிற மண்டபத்தில் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் அவள் தோளை இடித்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

அந்தப் பார்வை எனக்குப் புரிய ஒன்பது நாள் ஆயிற்று. பாக்கியசாமிக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. தன் வீட்டில் தான் எதற்குக் கை வைக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாதா? அவன் மேடையேறிக் கண்ணாடிக் கேடயத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ சிஸ்டர், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சிரித்தபோது, சிரிப்புக்கு உள்ளே என்ன ஓடியது என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் அவனை 'அவர்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 'ர்' எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் மோனிக்கா. செங் தொழிற்பேட்டையில் காருக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தொரு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கீறல் தேடும் வேலை. என் வரிசையில் தமிழ், மலாய், நேப்பாளம், வங்காளம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. எல்லாருக்கும் நான் கற்றுக்கொடுக்கும் முதல் சொல் 'பாலிக்'. திருப்பு என்று அர்த்தம். முன்பக்கம் பளபளவென்று இருக்கும், பின்பக்கம் வெடித்திருக்கும். திருப்பிப் பார்க்காமல் பெட்டியில் போட்டவளை நான் சும்மா விட்டதில்லை. ஒருத்தியை அழ வைத்திருக்கிறேன்.

எங்கள் பாஸ்டர் தேவன் சென்ற வருடக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், கோபம் வராதவர், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். அந்த நல்ல குணத்தின் விலையை மற்றவர்கள்தான் கொடுப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"சிஸ்டர், பயிற்சி நல்லா போச்சின்னு நம்மளே சொல்லிக்கிட்டா போதாது லா. வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்புறவங்க கேக்குறாங்க, எத வச்சி அளந்தீங்கன்னு. ஒங்க பேக்டரில செய்ற மாதிரி ஒரு கேள்வி பாரம் போட்டுக் குடுங்களேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் சபையில் பூ அடுக்குவதும் காப்பி ஊற்றுவதும்தான் எனக்கு வாய்த்திருந்தது. இப்போது என் மூளையைக் கேட்கிறார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து பத்துக் கேள்வி எழுதினேன். தலைவர்களையே கேட்டால் ஆளுக்கு ஆள் தன்னைத்தானே பாராட்டிக்கொள்வார்கள், ஆகையால் மனைவிமார்களைக் கேட்போம் என்றது என் யோசனைதான். பாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஏழாவது கேள்வியை முதலில் இப்படி எழுதியிருந்தேன்: 'ஜெப நேரத்தில் உங்கள் தலையின் மேல் கையை வைத்து உங்களுக்காக ஜெபிக்கிறாரா? வாரத்தில் எத்தனை முறை?' நோயாளிக்கும் பயந்தவர்களுக்கும் தலையில் கை வைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். சபையில் செய்வதை வீட்டில் செய்கிறார்களா என்று பார்க்க நினைத்தேன். ஆனால் அந்த ஒரு வரியால் பாரம் அடுத்த தாளுக்கு வழிந்தது. எனக்கு எதுவும் ஒரே தாளில் அடங்க வேண்டும். ஆகவே வெட்டினேன். 'வீட்டில் உங்கள் மேல் கை வைக்கிறாரா? வாரத்தில் எத்தனை முறை?' கச்சிதமாக உட்கார்ந்தது. சபைப் பெண்களுக்குப் புரியாதா என்ன? தாளின் அடியில் இரண்டு வரி சேர்த்தேன். வேறு ஏதும் சொல்ல விரும்பினால் பின்பக்கம் எழுதலாம். உங்கள் பதில் யாருக்கும் காட்டப்படாது.

இரண்டையும் நான்தான் எழுதினேன். இரண்டையும் நான்தான் மீறினேன்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை. ஆண்களுக்கு மேல்மாடியில் பயிற்சி வகுப்பு, கீழே பெண்களுக்குக் கூட்டம். அன்றைக்கு எல்லா ஊரிலிருந்தும் மனைவிமார்களை வரவழைத்துப் பாரத்தைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் எல்லாரும் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு மீ கோரெங் நூடுல்ஸ் தட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அருளம்மாள் மட்டும் மூலையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பரீட்சையா எழுதுற?" என்று கேலி செய்தேன்.

"முடிச்சிட்டேன்கா," என்றாள். தாளை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, என் கையை ஒரு முறை பிடித்து அழுத்தினாள். "நீங்கதான் இந்தக் கேள்விலாம் போட்டீங்களாக்கா?"

"ஆமா, ஏன், கஷ்டமா இருந்திச்சா?"

"இல்லக்கா. நல்லா கேட்டிருக்கீங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து எண்களைக் கணினியில் ஏற்றினேன். எண்களுக்கு முன்பக்கம் போதும். எழுத்து ஏதாவது இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினேன். பிறகு திரை, கட்டம், நிறம் என்று வேலை வந்துவிட்டது.

விழா முடிந்து ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, எனக்கு விடுமுறை. காலையில் பாரங்களைக் கோப்பில் போடுவதற்காக ஓரத்தில் துளையிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தாள் நழுவித் தரையில் குப்புற விழுந்தது. பின்பக்கம் முழுக்க நீலப் பேனா. வரிக்கு வரி இடைவெளி இல்லாமல், ஓரத்தில்கூட எழுதியிருந்தாள்.

'ஏழாவதுக்குப் பதில். கை மட்டும் இல்லை. பெல்ட்டு, லாரியில் கட்டுகிற கயிறு, ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி. பெட்டி சூடாக இருந்தது. போன வருசம் விலா எலும்பு இரண்டு போய்விட்டது. பாத்ரூமில் விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன், அவர் பக்கத்தில் நின்றார். ஜெபத்துக்கு என்றால் தலையில் கை வைப்பார்கள். நீங்கள் உங்கள் மேல் என்று போட்டிருக்கிறீர்கள். அதனால் இதைத்தான் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். பதினேழு வருசத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு நன்றி. யாராவது வருவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை வாருங்கள். அன்றைக்கு அவர் பயிற்சிக்குப் போய்விடுவார். பயிற்சி நாளில் எனக்கு அடி இல்லை.'

மூன்று முறை படித்தேன். துளையிடும் கருவியைச் சுவரில் விட்டெறிந்தேன். அதன் ஓடு உடைந்து சிதறியது. அது போதவில்லை. என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன், ஒன்றல்ல, நாலைந்து. திருப்பு, திருப்பு என்று இருபத்தொரு வருடமாக ஊரைக் கத்தியவள் ஒரே ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவள் எழுதிக் கொடுத்து ஏழு செவ்வாய்க்கிழமைகள் போயிருந்தன. ஒவ்வொரு செவ்வாயும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்திருப்பாள். யாரும் வரவில்லை. கடைசியில் பாச்சாங்குக்கு அழைத்து வந்து, அவள் வாங்கிய அடிகளை எண்ணிச் சொல்லி, நூற்றெண்பது பேரை விட்டுக் கை தட்ட வைத்தேன்.

மற்ற இருபத்தொரு தாளையும் திருப்பினேன். எல்லாம் வெறுமை. வெறுமையை நம்பலாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவற்றின் முன்பக்கத்தில் 'ஒன்று' என்றும் 'இரண்டு' என்றும் சில பெண்கள் எழுதியிருக்கிறார்கள்.

பாஸ்டர் தேவனைப் போனில் கூப்பிட்டு முழுவதையும் படித்துக் காட்டினேன்.

"சிஸ்டர், இது ரொம்ப வருத்தமான விசயம். ஆனா ஒரு தலைவர் மேல குத்தம்னு வந்தா ரெண்டு சாட்சி வேணும். அது சபை ஒழுங்கு, ஒங்களுக்கே தெரியும். மொதல்ல நான் பிரதர்கிட்ட தனியா பேசுறேன். அடுத்த வாரம்..."

"அடுத்த வாரமா?"

"ரிப்போர்ட்டும் அனுப்பியாச்சி லா, சிஸ்டர். அவரு பேரு மொத பக்கத்துல இருக்கு."

"ரெண்டாவது சாட்சியா நான் போறேன்," என்று சொல்லி வைத்துவிட்டேன். சுவரில் எறிவதற்குக் கையில் வேறொன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று எழுதியிருந்தாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வேறெதையும் யோசிக்காமல் காரை எடுத்தேன். செலண்டார் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும் மண்பாதையில் குலை ஏற்றிய லாரி ஒன்று வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். பதினொன்றரை மணி இருக்கும். சபையின் சின்னக் கட்டடம், அதை ஒட்டினாற்போல் தலைவருக்கான வீடு. வீட்டு வாசலில் பாக்கியசாமியின் வெள்ளை வேன் நின்றிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பயிற்சி முடிந்துவிட்டது. நிறைவு விழாவை நானே நடத்தி, கேடயத்தையும் கொடுத்துவிட்டேன். இனிமேல் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது. ஒன்றரை வருடப் பயிற்சியால் அந்த வீட்டில் விளைந்த ஒரே நன்மை வாரத்தில் ஒரு நாள் அவன் இல்லாமல் இருந்தது. நான் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அளந்திருந்தேன்.

திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டான்.

"அடடே, சிஸ்டர் மோனிக்கா! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க. வாங்க, வாங்க. அருளு! சிஸ்டருக்கு மைலோ ஐஸ் போடு."

குரல் என்றால் அப்படி ஒரு குரல். ஜெபத்தில் அவன் வாய் திறந்தால் கிழவிகள் கண் கலங்குவார்கள். உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடி அலமாரி, அதன் மேல் நான் கொடுத்த கேடயம். உள்ளங்கை கனத்துக்குக் கண்ணாடி, அடியில் சலவைக்கல். அவன் பெயரும் 'சிறந்த குடும்பத் தலைவர்' என்ற எழுத்தும் தங்க நிறத்தில் மின்னின.

அருளம்மாள் இடது கையில் தட்டை ஏந்தி வந்தாள். வலது கை மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை பழைய துணியால் சுற்றியிருந்தது. துணியின் ஓரம் மஞ்சளும் கறுப்புமாகக் கசிந்திருந்தது. நாற்றம் வந்தது. இடது கண்ணுக்குக் கீழே வீக்கம் வடிந்து பச்சையாகக் கிடந்தது.

"கையில என்னம்மா?" என்றேன்.

அவன் முந்திக்கொண்டான். "வேன் கதவுல மாட்டிக்கிச்சி. விழாவுக்கு வந்துட்டுத் திரும்புறப்ப. கவனமே இல்ல இவளுக்கு, என்னா செய்றது."

"எந்தக் கையால எழுதுவே நீ?" என்று அவளைப் பார்த்துக் கேட்டேன்.

அவள் சுற்றியிருந்த கையைப் பார்த்தாள். அது போதும்.

என் பலவீனம் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு, சிரித்துப் பேசி, கடைக்குப் போகலாம் வா என்று அவளை நைசாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்குப் புத்தி பின்னாலேதான் வரும்.

"கெளம்பு அருளு. டாக்டர்கிட்ட போலாம். பின்பக்கம் நீ எழுதினதப் படிச்சிட்டேன்."

அவன் சிரிப்பு மாறவே இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "பின்பக்கம் வேறயா? பரவால்லியே. என்னா எழுதியிருக்கான்னு வாசிங்க சிஸ்டர். அன்னைக்கி மேடையில வாசிச்சீங்களே, அதே மாதிரி. நானும் கேட்டுட்டுக் கை தட்டுறேன்."

"அவள நான் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போங்க," என்றான். எழுந்து அவள் கையிலிருந்த தட்டை மரியாதையாக வாங்கினான். மைலோ குவளையை எடுத்து என் முன்னால் வைத்தான். பிறகு வெறும் தட்டின் விளிம்பால் அவள் முகத்தில் அடித்தான்.

இரும்புத் தட்டு. அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தாமல், முகத்தை மூடாமல், சுவரோடு ஒட்டிக்கொண்டு அடுத்ததற்குத் தயாராக நின்றாள். மூக்கிலிருந்து ரத்தம் ரவிக்கையில் இறங்கியது. அவன் ஒரு கையால் இடுப்பு பெல்ட்டை உருவினான். ஒரே இழுப்பு, எத்தனையோ முறை செய்து பழகிய கை.

"பாரம் ரொப்புறியா? எனக்கு மார்க் போடுறியா? பதினேழு வருசம் சோறு போட்டவனுக்கு மார்க் போடுறியா நீ?"

பெல்ட்டின் இரும்புக் கொக்கி அவள் தோளில் இறங்கியது. இரண்டாவது வீச்சுக்குள் நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். போனது தைரியத்தால் இல்லை, கண்மண் தெரியாத கோபத்தால். கொக்கி என் காதுக்கு மேலே பட்டது. தலைக்குள் மணி அடித்தது. அவன் என் தலைமுடியைப் பிடித்து அலமாரியில் மோதினான். கண்ணாடி நொறுங்கி என் நெற்றியில் குத்தியது.

"ஒங்களுக்குப் புருசன் இல்லைல்ல சிஸ்டர், அதான் அடுத்தவன் வீட்ல அளக்க வந்துட்டீங்க," என்றான், அதே ஜெபக் குரலில். சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். துணி சுற்றிய கையைத் தேடிப் பிடித்து, சுவரில் வைத்து, தன் முழங்கையால் அழுத்தினான். அருளம்மாள் அப்போதுதான் கத்தினாள். வெளியே மரத்தில் இருந்த காகங்கள் எழுந்து பறந்தன. பக்கத்து வீட்டுச் சன்னல் ஒன்று சாத்தப்பட்டது.

என் கைக்குக் கேடயம் அகப்பட்டது.

முதல் அடி அவன் தோளில் விழுந்தது. திரும்பினான். இரண்டாவது அடி பெல்ட்டைப் பிடித்திருந்த மணிக்கட்டில். எலும்பு உடையும் சத்தம் காதில் கேட்டது. முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான், "சிஸ்டர், சிஸ்டர்" என்றான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவன் விழுந்துவிட்டான், கதவு திறந்திருந்தது, அவள் விலகி நின்றுவிட்டாள். மூன்றாவது அடி தேவையே இல்லை. அதையும் அடித்தேன், வாயைப் பார்த்து. பல் தெறித்தது. நான்காவதற்குக் கையை ஓங்கியபோது எனக்குள் ஏற்பட்ட சுகத்தை இன்னும் எந்த ஜெபத்திலும் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அருளம்மாள் இடது கையால் என் இடுப்பைக் கட்டி இழுத்தாள். "போதும்கா. வேணாம்கா. வாங்க, போயிரலாம்."

அவளுக்கு அவன் மேல் இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓங்கிய கையைப் பார்த்தால் அவளுக்கு உடம்பு நடுங்கும், அது யார் கையாக இருந்தாலும். அவள் நடுக்கம் என் இடுப்பில் தெரிந்தது. கேடயத்தைக் கீழே போட்டேன்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தும்போது அவன் வாசற்படி வரை தவழ்ந்து வந்துவிட்டான். நல்ல கையால் செங்கல் ஒன்றை எடுத்து எறிந்தான். பின்கண்ணாடி சல்லடையாகிப் பின்னிருக்கை முழுக்கக் கொட்டியது. நான் கியரைப் போட்டு மண்பாதையில் பறந்தேன். செலண்டார் கடைத்தெரு வந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க மேடையில ஏறினப்ப, இப்ப சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன்கா. எல்லாருக்கும் முன்னால கேக்கப் போறாங்கன்னு. அதான் நிமிந்து ஒக்காந்திருந்தேன்."

பச்சை விழுந்தும் காரை எடுக்காமல் நின்றேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து, கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுக் கடந்து போனான்.

"திரும்பி வர்றப்ப வேன நிறுத்தினாரு," என்றாள். "எந்தக் கையால எழுதினேன்னு கேட்டாரு. காட்டினேன். கதவுல வைக்கச் சொன்னாரு. நானே வச்சேன்கா."

ஆஸ்பத்திரியில் அவளை முதலில் உள்ளே கொண்டு போனார்கள். மூக்கு உடைந்திருந்தது. கையில் மூன்று விரல் நொறுங்கிச் சீழ் பிடித்திருந்தது. இரண்டைக் காப்பாற்றலாம், சுண்டுவிரலைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எனக்கு நெற்றியில் ஆறு தையல். தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்து பாஸ்டர் தேவனைக் கூப்பிட்டேன்.

"சாட்சி ரெண்டாயிடுச்சி," என்றேன். "என் மண்டைய எக்ஸ்ரே எடுத்திருக்காங்க. வேணும்னா ரிப்போர்ட்டுல மொத பக்கத்துல போட்டுக்குங்க."

"சிஸ்டர், ஆண்டவரே... அவருக்கு எப்படி இருக்கு?"

"யாருக்கு?" என்றேன். பாக்கியசாமியைத்தான் கேட்டார். அந்த இடத்தில் பாஸ்டரை 'அவர்' என்பதில் இருந்த 'ர்'உம் ஆட்டம் காண ஆரம்பித்தது. "பின்பக்கத்தப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு நான் அனுப்பிட்டேன் பாஸ்டர். அடுத்த ஞாயித்துக்கெழம அதே மேடையில ஏறுவேன். அன்னைக்கி நீங்க எனக்கு மைக் தரணும்."

ஆஸ்பத்திரிக்குள்ளேயே போலீசுக்கு ஓர் அறை இருந்தது. மதியம் மூன்று மணிக்கு அருளம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண் கார்ப்பரல், தலையில் தூடோங் முக்காடு கட்டி, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். என்னிடம் அரைமணி நேரம் முதலில் வாக்குமூலம் வாங்கிக்கொண்டாள். நான் அடித்த மூன்று அடியையும் சொன்னேன், மூன்றாவதையும் மறைக்கவில்லை. அதற்கு என்ன வருமோ வரட்டும். அவள் எழுதிக்கொண்டு தலையசைத்தாள். செலண்டாருக்கு வண்டி போயிருக்கிறது என்றாள்.

பிறகு புதுத் தாளை எடுத்து அருளம்மாள் பக்கம் திரும்பினாள். பெயர், அடையாள அட்டை எண், எத்தனை வருடத் திருமணம். எல்லாவற்றுக்கும் அருளம்மாள் மலாயில் தெளிவாகப் பதில் சொன்னாள். கட்டு எதிலும் படாமல் கையை மடியில் வைத்திருந்தாள். இன்றைக்கு என்ன நடந்தது, வேனில் என்ன நடந்தது, விலா எலும்பு எப்போது. கார்ப்பரல் வேகமாக எழுதினாள்.

"செமிங்கு, பெராப்பா காலி?"

வாரத்துக்கு எத்தனை முறை என்று கேட்டாள். என் கேள்விதான். என் ஏழாவது கேள்வி.

அருளம்மாள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பேனாவைப் பார்த்தாள், அறைக் கதவைப் பார்த்தாள். வெளியே நடைபாதையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் தமிழில் கேட்டாள்.

"அக்கா, சொன்னா இவங்க கை தட்ட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கம்மா," என்றேன். இன்னொரு முறையும் சொன்னேன்.

"லீமா," என்றாள் அருளம்மாள். ஐந்து.

கார்ப்பரல் பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். எண்ணை எழுதினாள். முன்பக்கம் நிறைந்துவிட்டிருந்தது. "லாகி?" என்று கேட்டாள், இன்னும் இருக்கிறதா என்று. அருளம்மாள் ஆமென்று தலையாட்டினாள். கார்ப்பரல் தாளைத் திருப்பினாள்.